புதுப்பேட்டையில் ஒரு கழுத்து வைத்தியம்

பட்டுப் புடவை வாங்கக் காஞ்சீபுரம் போயிருப்பீர்கள். குத்துவிளக்கு வாங்க நாச்சியார்கோவில் போயிருப்பீர்கள். ஒன்றுமே வாங்காமல், வேடிக்கை பார்ப்பதற்கென்றே பாண்டி பஜாருக்குப் போகிறவர்களும் நம்மில் உண்டு. ஆனால் புதுப்பேட்டைக்குப் போயிருக்கிறீர்களா?

"அங்கே நமக்கு என்ன வேலை?" என்று முகத்தைச் சுளிக்காதீர்கள். 2006-ல் அந்தப் பெயரில் ஒரு சினிமா வந்தாலும் வந்தது, புதுப்பேட்டை என்றாலே அடிதடி என்று பலர் முடிவு கட்டி விட்டார்கள். அடி அங்கே உண்டுதான். காலை முதல் இருட்டும் வரை ஓயாத அடி! ஆனால் அத்தனையும் சுத்தியல் எடுத்து இரும்பின் தலையில் போடுகிற அடி.

எழும்பூர் ரயில் நிலையத்தில் இறங்கினால் அதிக தூரம் இல்லை. 1908-ல் கட்டிய அந்தச் சிவப்புக் கட்டிடத்துக்கு முதுகைக் காட்டிக் கொண்டு கூவம் நதியை நோக்கி நடக்க வேண்டியதுதான். நதியைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே மூக்கு சொல்லிவிடும். கூவத்துக்கு அக்கரையில் சிந்தாதிரிப்பேட்டை. 1734-ல் நெசவாளர்களைக் குடியேற்றுவதற்காக ஏற்பட்ட பேட்டை அது. சின்னத் தறிப்பேட்டை என்பதே சிந்தாதிரிப்பேட்டை ஆயிற்று என்பார்கள். அக்கரையில் அன்று தறி ஓடிற்று. இக்கரையில் இன்று இரும்பு உருளுகிறது. நடுவில் கூவம், இரண்டையும் பற்றிக் கவலைப்படாமல் கிடக்கிறது.

சந்துக்குள் நுழைந்ததும் என் ஓவிய நண்பர் அப்படியே நின்று விட்டார். எதை வரைவது, எதை விடுவது? ஒரு கடையில் கார் கதவுகள் மட்டும், புத்தக அலமாரியில் புத்தகங்கள் மாதிரி வரிசையாகச் சாத்தியிருக்கின்றன. பக்கத்துக் கடையில் ஸ்டியரிங் சக்கரங்களைக் கயிற்றில் கோத்து, வடை மாலை போலத் தொங்க விட்டிருக்கிறார்கள். எதிரே சீட்டுகள். ஒரு லாரியின் மூக்கு. தலையில்லாத ஸ்கூட்டர் ஒன்று. அதன் மேல் ஏறி நின்று ஒரு ஆட்டுக்குட்டி சுவரொட்டியைத் தின்று கொண்டிருந்தது.

காயலான் கடை என்றால் குப்பை என்று நினைக்கிறோம். குப்பைக்கும் புதுப்பேட்டைக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. குப்பைக்குப் போனது திரும்பி வராது. இங்கே வந்தது வேறொரு வண்டியில் ஏறித் திரும்பிப் போய்விடும்! விபத்தில் மூக்கு நொறுங்கிய காரின் பின்கதவு, பின்புறம் அடிபட்ட இன்னொரு காருக்குப் போகிறது. ஓடி ஓடி ஓய்ந்த வண்டியின் பெட்ரோல் டாங்கி, துருப்பிடித்த டாங்கிக்காரருக்குக் கிடைக்கிறது. ஒன்றைக் கழற்றி ஒன்பதை வாழ வைக்கிற வியாபாரம்.

ஆனாலும் உயிரோடு இருக்கிற வண்டியை உடைப்பதற்குக் கொண்டு வந்து இறக்குவதைப் பார்த்தால் மனசு கொஞ்சம் என்னவோ செய்யத்தான் செய்கிறது. அன்று சனிக்கிழமை. நாங்கள் டீக்கடை வாசலில் நின்று கொண்டிருந்தபோது அப்படி ஒரு வண்டி வந்து சேர்ந்தது.

* * *

வந்தது 'குட்டி யானை' மேல். சின்னச் சரக்கு வண்டிக்கு நம் ஜனங்கள் வைத்திருக்கும் செல்லப் பெயர் அது. யானையின் முதுகில் கயிறு போட்டுக் கட்டிய ஒரு கறுப்பு புல்லட். டிரைவருக்குப் பக்கத்தில் நாற்பது வயது மதிக்கத் தக்க ஒரு பெண்மணி, அவருக்கு அடுத்தாற்போல் எழுபதைத் தாண்டிய ஒரு பாட்டி. பாட்டியின் மடியில் ஒரு மஞ்சள் பை, அதில் ஆர்.சி. புத்தகமும் இன்ஷூரன்ஸ் காகிதமும்.

பெண்மணி அயனாவரத்திலிருந்து வருகிறார், பள்ளிக்கூட ஆசிரியை. வண்டி அவருடைய அப்பாவுடையது. அப்பா பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1984-ல் வாங்கிய வண்டியை, 2019-ல் கண்ணை மூடுகிற வரை, பிறர் கை படாமல் வைத்திருந்தாராம். அதற்குப் பிறகு மகள் அதை ஓட்டக் கற்றுக் கொண்டார். பள்ளிக்கூடத்துக்கு அதில்தான். அம்மாவை மாதம் ஒரு முறை கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதும் அதில்தான்.

புல்லட்டைப் பற்றி இங்கே இரண்டு வார்த்தை. 1932-ல் இங்கிலாந்தில், ரெட்டிச் என்ற ஊரில் பிறந்த பெயர் அது. சுதந்திரத்துக்குப் பிறகு நம் ராணுவத்துக்காக மெட்ராஸ் மோட்டார்ஸ் என்ற சென்னைக் கம்பெனி அந்த வண்டியைத் தருவித்துக் கொடுத்தது. 1955-ல் இரண்டு கம்பெனிகளும் கூட்டுச் சேர்ந்து 'என்ஃபீல்டு இந்தியா'வை ஆரம்பித்தன. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை தொடங்கியதும் அதே 1955-ல்தான். 1970 வாக்கில் பிறந்த வீட்டில் அந்தப் பெயர் மங்கிப் போயிற்று. புகுந்த வீட்டிலோ தழைத்து நின்றது. நம்முடைய பெண்களில் எத்தனை பேருக்கு இந்தக் கதை பொருந்தும்!

"இதை ஏன் உடைக்கக் கொண்டு வந்தீர்கள்?" என்று கேட்டேன்.

"மூன்று மாதமாகவே சரியில்லை. நேராகப் போகும்போது ஏதோ பிடித்து வைத்த மாதிரி இருக்கும். லேசாகத் திருப்பினால் திரும்பாது. கொஞ்சம் அழுத்தினால் அளவுக்கு மேல் திரும்பிவிடும். போன மாதம் ஓட்டேரி பக்கம், பின்னால் அம்மா உட்கார்ந்திருந்தபோது, பஸ்ஸுக்கு ஒதுங்கப் போய் விழ இருந்தோம். ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். 'சேஸிஸ் கோணிவிட்டது, தள்ளி விடுங்கள்' என்றார்கள். தம்பி இங்கே ஒரு கடையில் விலை பேசி முடித்து விட்டான். எடை போட்டு எடுத்துக் கொள்வார்களாம்" என்றார்.

'எடை போட்டு' என்ற இடத்தில் அவர் குரல் இறங்கிற்று. பாட்டி எதுவும் பேசாமல் மஞ்சள் பையை இன்னொரு சுற்றுச் சுற்றி மடியில் வைத்துக் கொண்டார்.

* * *

விலை பேசிய கடைக்காரர் இன்னும் வரவில்லை. அடுத்த கடை, ஒரு பழுது பார்க்கும் பட்டறை. அதன் சொந்தக்காரரை எல்லோரும் 'பாய்' என்கிறார்கள். அறுபது வயது இருக்கும். வெள்ளைத் தாடி, நகக்கண்களில் நிரந்தரமாகக் குடியேறிவிட்ட கிரீஸ். அவர் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். பிறகு ஆசிரியையைக் கேட்கவில்லை, பாட்டியைக் கேட்டார்.

"அம்மா, பின்னால உக்காந்து போறது நீங்கதானே? உங்களுக்கு என்ன தெரிஞ்சுது?"

பாட்டி தயங்காமல் சொன்னார்: "பிரேக் போடறப்பல்லாம் முன்னாடி எங்கேயோ 'டக்'குன்னு தட்டுது தம்பி. பள்ளத்துல எறங்கினாலும் தட்டுது. இவ அப்பா ஓட்டினப்போ முப்பத்தஞ்சு வருஷம் அந்தச் சத்தம் கேட்டதில்லே. நான் சொன்னேன், இவ நம்பலே."

"நம்பணும் டீச்சரம்மா. ஓட்டறவங்க காதுல இஞ்சின் சத்தம்தான் விழும். பின்னால உக்காந்தவங்களுக்குத்தான் வண்டி முழுசும் பேசும்" என்றார் பாய்.

வண்டியை இறக்கி சென்டர் ஸ்டாண்டில் போட்டார்கள். புல்லட் 160 கிலோவுக்கு மேல். இரண்டு பையன்கள் சேர்ந்து இழுத்தார்கள். ஒரு பையன் பின்சீட்டை அழுத்திப் பிடித்துக் கொள்ள, முன்சக்கரம் தரையை விட்டு எழுந்தது. பாய் ஹேண்டில்பாரின் ஒரு முனையை ஒரே ஒரு விரலால் மெதுவாகத் தள்ளினார். அது இடப்புறமிருந்து வழுக்கிக் கொண்டு வந்தது. நேர் நடுவுக்கு வந்ததும், ஏதோ ஒரு பள்ளத்தில் விழுந்தாற்போல 'கட்'டென்று நின்றது. இன்னும் கொஞ்சம் தள்ளினார். பள்ளத்திலிருந்து ஏறி மறுபக்கம் வழுக்கிப் போயிற்று.

"நீங்களே பாருங்க" என்று ஆசிரியையின் விரலை அங்கே வைக்கச் சொன்னார். நானும் தொட்டுப் பார்த்தேன். பழைய ரேடியோவில் ஸ்டேஷன் திருப்புகிறபோது கையில் தெரியுமே, அது போல ஒரு சின்னத் தடங்கல்.

அடுத்தபடி முன்சக்கரத்துக்கு எதிரில் குந்தி உட்கார்ந்தார். சக்கரத்தைத் தாங்கும் இரண்டு குழாய்களையும் கீழே பிடித்து முன்னும் பின்னும் அசைத்தார். 'டக், டக்!'

"இதுதான்! இதேதான்!" என்று பாட்டி கூவினார்.

மூன்றாவதாக ஒரு சோதனை. இரண்டு நீளமான நூல்கள். பின்சக்கரத்தின் இரு பக்கமும் உரசினாற்போல இழுத்து, முன்சக்கரம் வரை கொண்டு போய்ப் பிடித்தார்கள். கொத்தனார் சுவருக்கு நூல் பிடிக்கிற மாதிரிதான். இரண்டு நூலும் முன்சக்கரத்தின் இரு பக்கமும் ஒட்டிக் கொண்டு நேராகப் போயின.

"சேஸிஸ் கோணலே. கோணியிருந்தா நூல் சொல்லிடும். இது வெறும் கோன் செட். கழுத்து தேஞ்சு போச்சு, அவ்வளவுதான்" என்று எழுந்தார் பாய். "சில நூறு ரூபா சாமான், அரை நாள் வேலை. இதுக்காகவா வண்டியை எடைக்குப் போடறீங்க?"

* * *

கோன் செட் என்றால் என்ன என்று கேட்கிறீர்களா? பயப்படாதீர்கள், உங்கள் பாட்டி வீட்டில் நீங்கள் பார்த்த சமாசாரம்தான்.

பழைய வீட்டுக் கதவுக்குக் கீல் கிடையாது. கதவின் ஒரு ஓரத்தில் மேலும் கீழும் ஒரு குடுமி நீட்டிக் கொண்டிருக்கும். மேல் குடுமி உத்தரக் குழியிலும், கீழ்க் குடுமி வாசற்படிக் குழியிலும் உட்கார்ந்து திரும்பும். மோட்டார் சைக்கிளின் முன்பாகம் முழுவதும் - சக்கரம், ஹேண்டில்பார், விளக்கு எல்லாமே - அப்படி ஒரு குடுமியில்தான் திரும்புகிறது. வண்டிச் சட்டத்தின் முன்னால் ஒரு குட்டைக் குழாய், அதுதான் கழுத்து. அதன் மேல் வாயில் ஒரு கிண்ணம், கீழ் வாயில் ஒரு கிண்ணம். குழாய்க்குள் செல்லும் தண்டில் இரண்டு கோன்கள். கிண்ணத்துக்கும் கோனுக்கும் நடுவே எஃகுக் குண்டுகள். பால்ரஸ் குண்டு என்று சைக்கிள் கடையில் சொல்வார்களே, அவைதான். இந்தப் பழைய புல்லட்டில் மேலே பத்தொன்பது, கீழே பத்தொன்பது. ஒவ்வொன்றும் கால் அங்குலம். ஓட்டுகிறவர், பின்னால் உட்கார்ந்திருப்பவர், மடியில் குழந்தை, வண்டியின் சொந்த எடை - பள்ளத்தில் இறங்கும்போதும் பிரேக் போடும்போதும் எழுகிற அதிர்ச்சி எல்லாம் இந்த முப்பத்தெட்டுக் குண்டுகள் மேல்தான் வந்து விழுகிறது.

தேய்வதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. சக்கரத்தின் நடுவிலுள்ள குண்டுகள் ஓயாமல் சுற்றிச் சுற்றி வருவதால், தேய்ந்தாலும் சுற்றிலும் ஒரே சீராகத் தேயும். கழுத்திலுள்ள குண்டுகளோ அதிகமாக நகர்வதே இல்லை. ஏனென்றால் நாம் பெரும்பாலும் நேராகத்தானே போகிறோம்? எத்தனை பள்ளம் வந்தாலும், ஒவ்வொரு குண்டும் கிண்ணத்தில் அதே இடத்திலேயே நின்று அடி வாங்குகிறது. அங்கே இருந்த கிரீஸ் பிதுங்கி ஒதுங்கி விடுகிறது. குண்டு உருண்டால்தானே அது திரும்பி வரும்? எஃகோடு எஃகு உரசி, நாளடைவில் ஒவ்வொரு குண்டும் தனக்கென்று ஒரு குழி தோண்டி அதில் குடியிருக்க ஆரம்பித்து விடுகிறது. ஆகவே ஹேண்டில் இடமும் வலமும் நன்றாகத் திரும்பும். நேராக வரும்போதுதான் சிக்கும்.

"நேராகப் போகும்போது தானே பிடித்துக் கொண்டால் நல்லதுதானே?" என்று என் ஓவிய நண்பர் கேட்டார். நீங்களும் நினைத்திருப்பீர்கள். அங்கேதான் ஆபத்து. இரண்டு சக்கர வண்டி நிற்பது கம்பியின் மேல் நடப்பவன் நிற்பதைப் போல. இப்படிக் கொஞ்சம், அப்படிக் கொஞ்சம் என்று, ஓட்டுகிறவருக்கே தெரியாமல் ஹேண்டில் சதா நுணுக்கமாகத் திரும்பிக் கொண்டே இருந்தால்தான் வண்டி விழாமல் போகும். கழுத்து குழியில் சிக்கிக் கொண்டால் அந்தச் சின்னத் திருத்தம் நடப்பதில்லை. பெரிதாகத் தள்ளினால் சட்டென்று எகிறித் தாண்டி விடுகிறது. வண்டி பாம்பு போல நெளிகிறது. பஸ்ஸுக்கும் நடைபாதைக்கும் நடுவே அந்த நெளிவு வந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஓட்டேரியில் நடக்க இருந்தது அதுதான்.

* * *

ஆசிரியை தம்பிக்குப் போன் செய்தார். இந்தப் பக்கத்துப் பேச்சு மட்டுந்தான் எங்களுக்குக் கேட்டது. "இல்லைடா... கோணவில்லையாம்... நூல் பிடித்துப் பார்த்தார்கள்... அட்வான்ஸ் வாங்கினால் திருப்பிக் கொடுத்து விடேன்... ஆமாம், நான்தான் சொல்கிறேன்." போனை வைத்து விட்டு, "ஆரம்பியுங்கள் பாய்" என்றார்.

இனிமேல் நடந்ததில் எனக்கு மிகவும் ஆச்சரியமாக இருந்த விஷயம் ஒன்று. புதுப்பேட்டை பழைய சாமான்களின் தலைநகரம் அல்லவா? கூப்பிடு தூரத்தில் பத்துக் கடை. ஒவ்வொன்றிலும் பழைய கிண்ணமும் கோனும் கூடை கூடையாகக் கிடக்கும். பாய் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பையனிடம் பணத்தைக் கொடுத்து, "ஜெனரல் பேட்டர்ஸ் ரோடுக்குப் போ. புது கோன் செட், புது குண்டு, கிரீஸ் ஒரு டப்பா" என்று அனுப்பினார்.

"ஏன் பாய், இங்கேயே கிடைக்காதா?"

"கிடைக்கும் சார். மட்கார்டு பழசு போடலாம், டாங்கி பழசு போடலாம், சீட்டு பழசு போடலாம். தகரம் பழசா இருந்தா அழகுதான் குறையும். உருள்றதும் நிறுத்தறதும் பழசா இருக்கக் கூடாது. குண்டும், பிரேக்கும் புதுசுதான். நாற்பது வருஷமா அதுதான் என் கணக்கு."

புடவைத் தலைப்பு முடிச்சில் முடிந்து வைத்துக் கொள்ள வேண்டிய கணக்கு!

"குண்டுகளை மட்டும் புதிதாகப் போட்டால் போதாதா?" என்று ஆசிரியை கேட்டார். செலவைப் பார்க்கிற சம்சாரி கேட்க வேண்டிய கேள்விதான். புதுக் குண்டைப் பழைய குழியில் போட்டால், அதுவும் அதே குழியில்தான் போய் விழும். கிண்ணம், கோன், குண்டு மூன்றையும் ஒன்றாக மாற்ற வேண்டும். மேலே நன்றாக இருக்கிறதே என்று கீழே மட்டும் மாற்றுவதும் கூடாது என்றார் பாய்.

பையன் திரும்பி வருவதற்குள் பிரிப்பு வேலை ஆரம்பமாயிற்று. முன்சக்கரம் வந்தது. மட்கார்டு வந்தது. ஹேண்டில்பாரைக் கழற்றினார்கள், பிரேக் ஒயர், கிளட்ச் ஒயர் எதையும் அறுக்காமல் அப்படியே டாங்கியின் மேல் சாக்கு விரித்துப் படுக்க வைத்தார்கள். ஒவ்வொரு நட்டும் அதனதன் இடத்திலிருந்து கழன்ற வரிசையிலேயே ஒரு தட்டில் அடுக்கப்பட்டது. சமையலுக்கு வெங்காயம், தக்காளி, மிளகாய் என்று தனித்தனியாக நறுக்கி வைத்துக் கொள்கிற ஒழுங்கு.

கழுத்துத் தண்டை இறக்குவதற்கு முன் கீழே ஒரு பழைய வேஷ்டியை விரித்தார்கள். எதற்கு என்று அடுத்த நிமிஷம் புரிந்தது. தண்டு கீழே இறங்க இறங்க, 'பொல பொல'வென்று குண்டுகள் உதிர்ந்தன. பையன்கள் எண்ணினார்கள். முப்பத்தேழு. பாய் ஒன்றும் சொல்லாமல் கையை நீட்டிக் கழுத்துக்குள் விட்டு, ஒட்டிக் கொண்டிருந்த முப்பத்தெட்டாவதை எடுத்துப் போட்டார்.

கிண்ணங்களைத் துடைத்துக் காட்டினார். மேல் கிண்ணத்தில் லேசான புள்ளிகள். கீழ்க் கிண்ணத்தைப் பார்த்தால் பரிதாபம்! கிரீஸ் என்று ஒன்று இருந்த அடையாளமே இல்லை; செம்மண் குழம்பு மாதிரி துரு. அதைத் துடைத்தபோது, கிண்ணத்தின் உட்சுற்றில் வரிசையாகப் பத்தொன்பது குழிகள், பணியாரச் சட்டி போல! பாட்டி கண்ணாடியைப் போட்டுக் கொண்டு அதை வெகு நேரம் பார்த்தார். சக்கரம் வாரி இறைக்கிற மழைத் தண்ணீரும் சேறும் முதலில் போய்ச் சேருகிற இடம் இந்தக் கீழ்க் கிண்ணம். சர்வீஸ் கடையில் பீச்சாங்குழாயால் அழுத்தித் தண்ணீர் அடிக்கிறார்களே, அதுவும் கிரீஸைக் கழுவிக் கொண்டு போய் விடுகிறது.

பழைய கிண்ணத்தை எடுக்க ஒரு நீளக் கம்பி. மேல் வாய் வழியாக விட்டு, கீழ்க் கிண்ணத்தின் உள் விளிம்பில் வைத்துத் தட்டினார். ஒரு தட்டு இந்தப் பக்கம், ஒரு தட்டு எதிர்ப் பக்கம். ஒரே பக்கமாக அடித்தால் கிண்ணம் சாய்ந்து இறுகிவிடும். குழாயின் வாயும் கெட்டுவிடும். தண்டின் அடியில் இருந்த கோன்தான் வர மறுத்தது. உளியை அதன் அடியில் வைத்துச் சுற்றிச் சுற்றித் தட்டி, அரை மணி நேரம் கெஞ்சிய பிறகு அசைந்து கொடுத்தது.

புதுக் கிண்ணங்கள் வந்து சேர்ந்தன. கண்ணாடி போலப் பளபளவென்று உள்புறம். ஒரு குழி கிடையாது. குழாயின் வாயைத் துணியால் சுத்தமாகத் துடைத்து, கிண்ணத்தை வைத்து, அதன் மேல் பழைய கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தார் பாய். புதியதன் மேல் சுத்தியல் நேராகப் படக் கூடாதாம். பழையது அடியை வாங்கிக் கொண்டு புதியதை உட்கார வைக்கும். மாமியார்களும் மருமகள்களும் இதைப் படித்து ஆளுக்கொரு அர்த்தம் செய்து கொள்ளலாம்!

'டொக்... டொக்... டொக்...' என்று கேட்டுக் கொண்டிருந்த சத்தம், திடீரென்று 'டண்' என்று மாறிற்று. உடனே கையை எடுத்து விட்டார். "உக்காந்துடுச்சு. சத்தம் மாறினப்புறம் ஒரு அடி கூட ஜாஸ்தி அடிக்கக் கூடாது." முறுக்கு வெந்ததை எண்ணெய்ச் சத்தத்தை வைத்துச் சொல்கிறவர்கள் அல்லவா நீங்கள்? உங்களுக்கு இது புரியும்.

பிறகு கிண்ணம் நிறைய கிரீஸ். அதில் குண்டுகளை ஒவ்வொன்றாகப் பதித்தார். லட்டில் முந்திரி பதிப்பது போலத்தான். பத்தொன்பது வைத்ததும் ஒரு சின்ன இடைவெளி மிச்சம் இருந்தது. ஒரு பையன் இருபதாவதையும் எடுத்து வந்தான். பாய் அவன் கையைத் தட்டி விட்டார். அந்த இடைவெளி இருந்தால்தான் குண்டுகள் ஒன்றையொன்று நெருக்காமல் உருளுமாம்.

தண்டை ஏற்றி மேல் நட்டை இறுக்கியதுதான் கடைசி வேலை. கஷ்டமான வேலையும் அதுதான். தளர்வாக விட்டால் மறுபடி 'டக் டக்'. இறுக்கி விட்டால், குழி இல்லாமலே ஹேண்டில் சிக்கும். புதுக் குண்டுகளும் சீக்கிரம் கெடும். பாய் கொஞ்சம் இறுக்குவார், அசைத்துப் பார்ப்பார். கால் திருகு தளர்த்துவார், மறுபடி அசைத்துப் பார்ப்பார். பக்கத்துத் திருகை முறுக்கியதும் பிடிப்பு மாறிவிடும் என்று மூன்றாவது தடவையும் பார்த்தார். இதற்கு அளவுகோல் ஏதும் இல்லையா என்று கேட்டேன். வலது கைக் கட்டைவிரலைக் காட்டினார்.

இப்போது வரும் வண்டிகள் பலவற்றில் குண்டுக்குப் பதிலாகச் சாய்வான உருளைகள் இருக்கின்றன. குண்டு ஒரு புள்ளியில் நின்று பாரம் தாங்கும். உருளை ஒரு கோடாகப் படுத்துத் தாங்கும். ஆகவே குழி விழுவது குறைவு. அமெரிக்காவில் டிம்கென் என்ற கோச்சு வண்டி செய்கிறவர் 1898-ல் உரிமை பெற்ற யோசனை அது. குதிரை வண்டிக்காகப் பிறந்தது மோட்டார் சைக்கிளின் கழுத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. ஆனால் உருளையானாலும் குண்டானாலும், கிரீஸ் இல்லாவிட்டால் இரண்டுக்கும் ஒரே கதிதான்.

* * *

பிற்பகல் மூன்று மணிக்கு வண்டி எழுந்து நின்றது. பாய் முதலில் தாமே ஏறி ஒரு தெரு சுற்றிவிட்டு வந்தார். அடுத்து ஆசிரியை. புதுப்பேட்டைச் சந்தில் ஒரு பெண் புல்லட்டை உதைத்துக் கிளப்புவதைப் பார்க்க, கதவுக் கடைக்காரர் முதல் டீக்கடைக்காரர் வரை வாசலுக்கு வந்து விட்டார்கள். 'டுப் டுப் டுப்' என்று போனார். ஆதித்தனார் சாலை வரை போய்த் திரும்பினார்.

ஹெல்மெட்டைக் கழற்றிய அவர் முகத்தில் சிரிப்பு. "அப்பா ஓட்டின வண்டி மாதிரி இருக்கிறது" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

விலை பேசிய காயலான் கடைக்காரரும் அதற்குள் வந்திருந்தார். கோபித்துக் கொள்வாரோ என்று பார்த்தேன். வண்டியை ஒரு தட்டுத் தட்டி, "இன்னும் இருபது வருஷம் கழிச்சுக் கொண்டாங்க, நான் இருந்தா எடுத்துக்கறேன்" என்று சொல்லி விட்டுப் போனார். வந்த வழியே குட்டி யானை காலியாகத் திரும்பிற்று. பாட்டி அதில் ஏற மறுத்து விட்டார்! மஞ்சள் பையைத் தோளில் மாட்டிக் கொண்டு, பையன் கொண்டு வந்து கொடுத்த ஹெல்மெட்டை அணிந்து, மகளின் பின்னால் ஒரு பக்கமாக உட்கார்ந்து கொண்டார்.

"ஐந்நூறு கிலோமீட்டர் ஓடினதும் ஒரு தடவை கொண்டு வாங்க. புதுக் கிண்ணம் கொஞ்சம் அமரும், லேசா இறுக்கணும். காசு வேணாம்" என்று பாய் சொல்லி அனுப்பினார். "அம்மாவையும் கூட்டிட்டு வாங்க. அவங்க காது வேணும்!"

* * *

வாசக நேயர்களே, உங்கள் வீட்டு வாசலிலும் ஒரு வண்டி நிற்கிறது அல்லவா? ஸ்கூட்டரோ, மோட்டார் சைக்கிளோ, எதற்கும் கழுத்து உண்டு. ஓட்டுகிறவர் உங்கள் கணவராகவோ, மகனாகவோ இருக்கலாம், நீங்களாகவே இருக்கலாம். பின்னால் உட்கார்கிறவருக்கு வண்டியைப் பற்றி என்ன தெரியும் என்று யாராவது சொன்னால் அயனாவரத்துப் பாட்டியை ஞாபகப்படுத்துங்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில், குழந்தைகளைத் தள்ளி நிற்கச் சொல்லி விட்டு, வண்டியைச் சமதரையில் சென்டர் ஸ்டாண்டில் போடச் சொல்லுங்கள். ஒருவர் பின்னால் அழுத்திப் பிடித்துக் கொள்ளட்டும். முன்சக்கரம் எழுந்ததும் ஹேண்டிலை ஒரு விரலால் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை மெதுவாக நகர்த்துங்கள். ஒயர்கள் இழுப்பதால் கோடிகளில் லேசாக முரண்டினால் பரவாயில்லை. நடுவில் 'கட்'டென்று நின்றால் கழுத்தில் குழி விழுந்து விட்டது என்று அர்த்தம். அடுத்து, சக்கரத்தின் இரு பக்கக் குழாய்களையும் கீழே பிடித்து முன்னும் பின்னும் அசையுங்கள். இன்னொருவர், கழுத்தும் சட்டமும் சேருகிற இடத்தில் விரலை வைத்துப் பார்க்கட்டும். அங்கே தட்டினால் கழுத்து தளர்ந்திருக்கிறது. தளர்வு மட்டும் இருந்தால் இறுக்கினாலே தீரலாம். குழி இருந்தால் இறுக்கித் தீராது, மாற்றித்தான் ஆக வேண்டும். மாற்றுகிறபோது புதுச் சாமானா என்று நின்று பார்த்துக் கொள்ளுங்கள்.

இரண்டு நிமிஷ வேலை. தோசைக்கல் காய்வதற்குள் முடிந்துவிடும். 'டக்'கென்று ஒரு சத்தம் உங்கள் காதில் விழுந்து, "அதெல்லாம் ஒன்றுமில்லை" என்று வீட்டில் பதில் வந்தால், விட்டு விடாதீர்கள். மறுபடி சொல்லுங்கள். அதற்கும் கேட்காவிட்டால், விரலைப் பிடித்து அந்த ஹேண்டிலின் மேல் வைத்து விடுங்கள்.